கண்ணாடி மணி மாலை அறுவது இழையாலா, மணியாலா?

9 பிப்ரவரி 2024, வாசகர் கேள்வி

தை முதல் முகூர்த்தத்தில் தேவகோட்டையில் எங்கள் பங்காளி வீட்டுத் திருமணம். பந்தியில் அமரும்போது என் மனைவியின் கழுத்தில் இருந்த, கையால் செய்த கண்ணாடி மணி மாலை அறுந்துவிட்டது. வளவின் (வீட்டு உள்முற்றத்தின்) ஆத்தங்குடித் தரைக்கல்லில் மணிகள் நாலாபுறமும் உருண்டோட, பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் கால் வைக்க அஞ்சி நின்றார்கள். 31 மணிகளில் 27 கிடைத்தன. மாலை வாங்கி ஏழு மாதங்கூட ஆகவில்லை. கையால் செய்யும் கண்ணாடி மணி அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கு உரியது என்றும், கழுத்தில் அணிவதற்கு அச்சில் வார்த்த மணியே ஏற்றது என்றும் நான் முடிவு செய்திருக்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

9 பிப்ரவரி 2024, இரவு

மறுக்கிறேன். கோட்டையூரில் எங்கள் வீட்டு மூன்றாம் கட்டில், பழைய அடுப்படியையே பட்டறையாக்கி, பத்து ஆண்டுகளாக எரிவாயுச் சுடரில் கண்ணாடி மணி செய்து மாலை கோத்து வருகிறேன். அறுவது மணி அன்று, இழை. சந்தையில் விற்கும் மாலைகளில் பெரும்பாலானவை மீன் தூண்டில் நைலானிலோ இழுபடும் ரப்பர் இழையிலோ கோக்கப்பட்டவை. முன்னது நாளடைவில் விறைத்து ஒடியும். பின்னது கண்ணாடியின் கனம் தாங்காமல் தொய்ந்து நையும். 49 மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி மேலே நைலான் பூசிய அரை மி.மீ. கம்பியில் கோத்த மாலை எளிதில் அறாது. குற்றம் கோத்தவருடையது, மணியின் மேல் பழி போடாதீர்கள்.

10 பிப்ரவரி 2024

கனத்தைப் பற்றி நேற்று ஒரு சொல்லோடு விட்டுவிட்டேன். கண்ணாடியின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறக்குறைய 2.5 கிராம். 12 மி.மீ. உருண்டை மணி ஒன்று, துளையைக் கழித்தால், 2.1 கிராம் நிற்கும். அத்தகைய 35 மணிகள் கோத்த மாலை 74 கிராம், அதாவது ஒன்பது பவுனுக்குச் சற்றே மேல். எங்கள் தெருவில் இருக்கும் ஓர் ஆச்சிக்கு இப்படியொரு மாலை செய்து கொடுத்தபோது அவர் அதை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனம் ஒன்பது பவுன் இருக்கிறது, அடகு வைத்தால் ஒரு குந்துமணிப் பொன்கூடத் தரமாட்டானே" என்றார். ஆயினும் வாங்கிக்கொண்டார்.

17 பிப்ரவரி 2024

மாலையின் நீளத்தை எப்படிக் கணக்கிடுவது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கழுத்தை ஒட்டி நிற்க 40 செ.மீ., கழுத்தெலும்புக்குக் கீழே விழ 45 செ.மீ., ரவிக்கைக் கழுத்தைத் தாண்டித் தொங்க 60 செ.மீ. என்பது பொது அளவு. ஆனால் இவை மெல்லிய சங்கிலிக்கு உரிய அளவுகள். பருமனான மணிகளைக் கோத்தால் அதே நீள மாலை கழுத்தை இறுக்கும்; ஏனெனில் இழை மணியின் நடுவில் செல்கிறது, கழுத்தைத் தொடுவதோ மணியின் உட்புறம். ஆகவே பெரிய மணிகளுக்கு ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

18 பிப்ரவரி 2024, காலை

ஓர் அங்குலம் என்று எழுதியது கைப்பழக்கத்தில் வந்த சொல். இரவு தாளில் போட்டுப் பார்த்தேன், தவறு. மாலையை வட்டமாகக் கொண்டால், உட்சுற்று இழையின் நீளத்தைவிட மணியின் விட்டத்தைப் போல் 3.14 மடங்கு குறையும். 12 மி.மீ. மணிக்கு அது 38 மி.மீ., அதாவது ஒன்றரை அங்குலம். 45 செ.மீ. என்று அளந்து கோத்த மாலை, கழுத்தில் 41 செ.மீ. சங்கிலி போலத்தான் நிற்கும். 8 மி.மீ. மணி என்றால் 25 மி.மீ. குறையும், அங்கே மட்டும் என் ஓர் அங்குலம் சரி. முன்புறம் பெரியதும் பிடரியில் சிறியதுமாக இறங்கு வரிசையில் கோத்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு. "உங்கள் மாலை போட்டால் மூச்சு முட்டுகிறது" என்று சொன்ன ஒரு மணப்பெண்ணிடம், பதற்றமாக இருக்கும் என்று நான் ஆறுதல் கூறியது இப்போது நினைவுக்கு வருகிறது.

2 மார்ச் 2024

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் வீதியில் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் மணிகள் கையால் செய்தவையா என்று எப்படி அறிவது என்ற கேள்வி இழையைவிட்டு விலகியதன்று, துளையைப் பற்றியதே. ஒரு கைலென்ஸ் போதும். மணிக்குள் இருக்கும் குமிழ்களும் கோடுகளும் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பாருங்கள். துளையைச் சுற்றி வளையமாக ஓடினால், உருகிய கண்ணாடியைக் கம்பியின்மேல் சுற்றிச் செய்த மணி. நான் செய்வது இந்த வகை. துளைக்கு இணையாக நீளவாக்கில் ஓடினால், குழாயாக இழுத்து நறுக்கிய மணி. நடுவில் தையல் போல ஒரு மெல்லிய வரம்பு சுற்றி வந்தால், அச்சில் அழுத்தியது.

இழுத்த மணி நம் கரையின் பழைய தொழில். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் அதன் தடயங்கள் குவியலாகக் கிடைத்தன. அவ்வகை மணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டவர் பீட்டர் பிரான்சிஸ். அதே முறையை ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை கைவிடாமல் வைத்திருந்தார்கள். உருகிய கண்ணாடித் திரளை இரும்புக் குழலில் ஏற்றி, நடுவில் புழை விழச் செய்து, உலையின் வாயிலிருந்து நீண்ட குழாயாக இழுத்துக்கொண்டே இருப்பார்கள். பிறகு அதைப் பொடியாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்துச் சட்டியில் சூடாக்கிக் கிளறுவார்கள். சாம்பல் துளைக்குள் புகுந்துகொள்வதால் துளை மூடாது, நறுக்கிய விளிம்பு மட்டும் உருகி மழுங்கும்.

நம் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் கண்ணாடி மணிகளைப் பார்த்தவர்கள், கடுகளவு மணியில் துளை எப்படி இவ்வளவு மழமழப்பாக இருக்கிறது என்று வியந்திருக்கலாம். நான் வியக்கவில்லை, நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குச் சென்றுவிட்டேன். ஏன் இதைக் குறிப்பிடுகிறேன் என்பது பின்னால் தெரியும் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் இன்றைக்கு எனக்கே தெரியவில்லை. மனத்தில் உறுத்துகிறது, அவ்வளவே.

27 மார்ச் 2024

குன்றக்குடிப் பங்குனி உத்திரத்துக்குச் சென்றிருந்தேன். மலையடிவாரத்தில் பாசிமணி, ஊசிமணி விற்கும் நரிக்குறவர் பெண் ஒருவர், நூலின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி, மறுமுனையைப் பலமுறை சுண்டி இழுத்துவிட்டுத்தான் கோக்கத் தொடங்கினார். நூல் நீள வேண்டிய நீளத்தைக் கோப்பதற்கு முன்பே நீண்டுவிடட்டும் என்பது அதன் பொருள். பட்டு நூலில் கோத்த என் மாலைகள் இரண்டு மாதத்தில் தொய்ந்து, மணிகளுக்கிடையே நூல் பல்லிளிக்கும். நான் பட்டின் தரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து, அரைக்கிலோ படிக்கல்லை நூலில் கட்டி இரவு முழுவதும் ஊஞ்சல் கொக்கியில் தொங்கவிட்டேன். இரண்டு மீட்டர் நூல் காலையில் இரண்டு விரற்கடை கூடுதலாக இருந்தது.

14 ஏப்ரல் 2024

பிப்ரவரி 9 இரவு நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒன்பது பவுன் கனம் என்று சொன்ன ஆச்சியின் மாலை இன்று சித்திரை முதல் நாள் கோயிலுக்குப் புறப்படும்போது அறுந்தது. அதை நான் 49 இழை எஃகுக் கம்பியில்தான் கோத்திருந்தேன். மூன்று ஆண்டுகளாக அதைப் பற்றிப் பெருமையும் பேசியிருக்கிறேன். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. மணிகளை ஓர் ஓலைக் கொட்டானில் போட்டு, மேலே துண்டுபட்ட கம்பியையும் வைத்து, பேரன் கையில் கொடுத்தனுப்பினார். அந்தப் பேசாமை நான்கு வசவுக்குச் சமம்.

கம்பியின் அறுந்த முனையை லென்ஸில் பார்த்தேன். இழுபட்டு அறுந்திருந்தால் இழைகள் மெலிந்து நீண்டிருக்கும். இங்கே அரத்தால் தேய்த்தது போல ஒரு பக்கமாகத் தேய்ந்து, நைலான் தோல் உரிந்து, உள்ளே எஃகு இழைகள் ஒவ்வொன்றாக நைந்திருந்தன. அந்த இடத்தில் இருந்த மணியின் துளை வாயில் விரல் நுனியை வைத்ததும் காரணம் புரிந்தது. வாய் விளிம்பு ஒரு புறம் பிளேடு போலக் கூர்ந்து நின்றது.

இந்தக் கூர்மை எப்படி வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். களிமண் கலந்த பூச்சில் தோய்த்து உலர்த்திய எஃகுக் கம்பியின்மேல், உருகிய கண்ணாடியைச் சுற்றுகிறோம். முதல் சுற்று கம்பியில் எவ்வளவு அகலம் பிடிக்கிறதோ அதுவே மணியின் அடித்தடம். தடம் அகலமாக இருந்து, மேலே போதிய கண்ணாடி ஏற்றாவிட்டால், மணியின் இரு முனைகளும் கம்பியோடு ஒட்டி மெல்லிய உதடு போல நீண்டுவிடும். குளிர்ந்து கம்பியை உருவும்போது அந்த உதடு சில்லுசில்லாக உடைகிறது. உடைந்த இடமே கத்தி. தடத்தைக் குறுக்கிக் கண்ணாடியைக் கூட்டினால், உருகும் கண்ணாடி தன் இயல்பால் உருண்டையாகத் திரண்டு, முனைகள் தொப்புள் போல உள்வாங்கும். தொப்புள் விழுந்த மணி நூலை அறுக்காது. பாப்பாநாயுடுபேட்டைக்காரர்கள் சாம்பலில் போட்டுக் கிளறியதும், கீழடியில் நான் பார்க்காமல் நகர்ந்ததும் இந்த விளிம்பு மழுங்கலைத்தான்.

கேள்வி கேட்ட அன்பரே, உங்கள் கருத்தில் பாதி சரி. மணிதான் அறுக்கிறது. ஆனால் கையால் செய்த மணி என்பதால் அன்று. கை கவனியாத மணி என்பதால். அந்த 27 மணிகளையும் அனுப்பிவையுங்கள்.

28 ஏப்ரல் 2024

தகர டப்பாவில் 27 மணிகளும் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றின் இரு வாயிலும் பழைய நைலான் காலுறையைத் தேய்த்துப் பார்த்தேன். இழை மாட்டினால் கூர்மை உண்டு என்று பொருள். 19 மணிகள் மாட்டின. செய்தவர் யாரென்று கேட்காதீர்கள். ஆச்சியின் 35இல் மாட்டியவை 11. அவற்றைச் செய்தவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

கூர்மையான மணியை எறிய வேண்டியதில்லை. வைரத்தூள் பூசிய கூம்பு அரத்தால், தண்ணீருக்குள் வைத்து, வாயை மெல்லச் சுற்றித் தேய்த்தால் மழுங்கும். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தூள் மூச்சில் போகும், சூட்டில் மணியும் விரிசல் விடும். ஒரு வாய்க்கு இரண்டு நிமிடம். 35 மணிக்கு 70 வாய்கள். முதலிலேயே ஒழுங்காகச் செய்திருந்தால் மிஞ்சியிருக்கும் நேரத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த கேடு, துளையின் அகலம். நான் சுற்றும் கம்பி 2.4 மி.மீ.; மாலைக் கம்பி அரை மி.மீ. இடையில் இருக்கும் வெற்றிடத்தில் மணி ஊஞ்சலாடுகிறது, ஆடும் ஒவ்வொரு முறையும் வாய் விளிம்பு இழையைத் தேய்க்கிறது. மெல்லிய கம்பியில் சுற்றினால் துளை சிறுக்கும், ஆனால் 12 மி.மீ. மணியின் கனத்துக்கு 1.6 மி.மீ. கம்பி சுடரில் வளைந்துவிடுகிறது. பட்டு நூலில் மணிக்கு மணி முடிச்சிடலாம் என்றால், முடிச்சே துளைக்குள் நழுவிவிடும்.

29 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதைப் படித்த பிறகு ஒரு பழைய தோல்வி நினைவுக்கு வந்தது. பெரிய மணிகளுக்கு இடையே 11ஆம் எண் பொடிமணிகளை வைத்து ஒரு மாலை கோத்தேன். ஒரு வாரத்தில் மாலை இரண்டு அங்குலம் தொய்ந்தது. பொடிமணிகள் ஒன்றையும் காணவில்லை. 11ஆம் எண் மணியின் விட்டம் 2.2 மி.மீ. என்பதால் அவை பெரிய மணியின் 2.4 மி.மீ. துளைக்குள் குடிபுகுந்துவிட்டன. அன்று வெறுத்துப் பிரித்துப் போட்டேன். இன்று அதையே வேண்டுமென்று செய்கிறேன்: ஒவ்வொரு பெரிய மணியின் துளைக்குள்ளும் பொடிமணிகளை வரிசையாக நிரப்பி, அவற்றின் ஊடே இழையை விட்டால், இழை துளையின் நட்டநடுவில் நிற்கிறது, விளிம்பைத் தொடுவதேயில்லை. வெளியே, 3 மி.மீ. விட்டமுள்ள 8ஆம் எண் மணியை இரு புறமும் காவல் வைக்கிறேன். அது உள்ளே நுழையாது.

இதை ஆச்சியிடம் காட்டினேன். அவர் சிறிதும் வியப்படையவில்லை. கழுத்துருவை, அதாவது எங்கள் செட்டிநாட்டுத் திருமணத் தாலி மாலையை, எப்படிக் கோப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டார். நாள் பார்த்து, பல இழைகளைச் சேர்த்து முறுக்கி மஞ்சள் தோய்த்த நூலில்தான் அந்தப் பொன் உருக்களைக் கோப்பார்கள். நூல் துளையை நிறைத்துக்கொள்வதால் உரு அசையாது, நூலும் தேயாது. சங்கிலியில் கோக்கலாமே என்று எந்தப் பெரியவரும் சொன்னதில்லை. துளைக்கு ஏற்ற நூல் என்ற இந்தப் பாடம் எங்கள் வீட்டுப் பெட்டகத்துக்குள்ளேயே இருந்தது.

19 மே 2024

நிறத்தைப் பற்றி மூவர் கேட்டுவிட்டார்கள்; இழையையும் துளையையும் பற்றியே எழுதினால் எவருக்கும் சலிக்கும்.

என் நிறத் தட்டு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று கண்டாங்கிச் சேலை: அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு. மற்றொன்று ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின்மேல் உலோகச் சட்டத்தை வைத்து, அதன் அறைகளில் நிறக் கலவையை ஊற்றி, சட்டத்தைத் தூக்கிவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் இட்டு அழுத்துவார்கள், சூளையில் சுடுவதில்லை. பளபளப்பு அந்தக் கண்ணாடி முகத்திலிருந்து கல்லுக்கு இறங்கியது. கண்ணாடி வேலை செய்பவன் அதைப் பார்த்து எப்படிப் பொறாமைப்படாமல் இருப்பது?

கல்லின் பூவிலிருந்து தந்த வெள்ளையையும் மயில்நீலத்தையும் எடுத்து மணியில் புள்ளி வைத்தேன். புள்ளியைச் சுற்றிச் சாம்பல் கறுப்பில் ஒரு கோடு தானாகப் படர்ந்தது. சுடரில் கரி படிந்துவிட்டது என்று நினைத்து 20 மணிகளைக் குப்பையில் போட்டேன். கரி அன்று. தந்த வெள்ளைக் கண்ணாடியில் கந்தகம் இருக்கிறது, மயில்நீலத்தில் செம்பு இருக்கிறது. இரண்டும் சூட்டில் சந்திக்கும் எல்லையில் கருமை பிறக்கிறது. இப்போது அந்தக் கோட்டுக்காகவே அந்த இணையைத் தேர்கிறேன். குப்பையிலிருந்து மீட்க முடிந்தவை 6.

அரக்கு மட்டும் இன்னும் என் சொல் கேட்பதில்லை. சிவப்புக் கண்ணாடிக் கம்பியைச் சற்று அதிக நேரம் சுடரில் வைத்தால் ஈரல் நிறமாகிவிடுகிறது. எல்லா மணியும் ஒரே அரக்காக இருக்க வேண்டும் என்று வடிவமைப்பதை விட்டுவிட்டேன். வெளிறியதைப் பிடரிக்கும் கறுத்ததை நெஞ்சுக்கும் வரிசைப்படுத்துகிறேன். வாங்குபவர்கள் இதைத் திட்டமிட்ட நிறப்படி என்று பாராட்டுகிறார்கள். மறுப்பதில்லை.

2 ஜூன் 2024

மணி தானாகவே விரிசல் விடுவதைப் பற்றிக் கேட்டவருக்கு: செய்த மணியைக் காற்றில் ஆறவிட்டால் வெளித்தோல் முதலில் இறுகும், உட்புறம் பின்னால் சுருங்கும்; அந்த இழுபறி மணிக்குள் தங்கிவிடும். மணி அடுத்த நிமிடமும் விரிசல் விடலாம், அடுத்த ஆண்டும் விடலாம். ஆகவே மின்உலையில் மெல்ல ஆற வைக்க வேண்டும். நான் வாங்கும் இத்தாலியின் முரானோக் கண்ணாடிக்கு 510 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நிறுத்தி, 370 டிகிரி வரை மணிக்கு 60 டிகிரி வீதம் இறக்குகிறேன் (மணிக்கு என்றால் இங்கே மணி நேரத்துக்கு). சூடான மணலிலும் சாம்பலிலும் புதைப்பது ஆறும் வேகத்தைக் குறைக்கும், ஆனால் அதை மட்டும் நம்பி மாலை விற்கக் கூடாது.

சரியாக ஆறியதா என்று பார்க்க வீட்டிலேயே வழி உண்டு. மடிக்கணினித் திரையை வெள்ளையாக்கிப் படுக்க வைத்து, போலராய்டு குளிர்கண்ணாடியை, திரை இருளாகத் தெரியும் வரை திருப்பிப் பிடியுங்கள். இடையில் தெளிந்த மணியை வைத்தால், இழுபறி உள்ள இடம் இருளில் ஒளிக்கீற்றாகத் தெரியும். மணியின் வளைவு கண்ணை ஏமாற்றும் என்பதால், அதைத் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தில் மூழ்க வைத்துப் பாருங்கள், மேற்பரப்பு மறைந்துவிடும். முதன்முறை நான் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தபோது வானவில்லே தெரிந்தது. மணிகள் எல்லாம் கெட்டுப்போய்விட்டன என்று இரண்டு நாள் உணவு இறங்கவில்லை. வானவில் பிளாஸ்டிக்கினுடையது. கண்ணாடிக் கிண்ணமே வேண்டும்.

3 ஜூன் 2024

தேங்காய் எண்ணெயைவிட விளக்கெண்ணெய் மேல். ஒளியை வளைப்பதில் அது கண்ணாடிக்கு இன்னும் நெருக்கம். மற்றொன்று: இப்படிச் சோதித்ததில் என் உலையின் வெப்பமானி 25 டிகிரி கூட்டிக் காட்டுவது தெரிந்தது. நான் 510 என்று நினைத்தது 485. நேற்று எழுதிய எண் சரி, நான் கடைப்பிடித்தது தவறு.

22 ஜூன் 2024

27 மணிக்காரர் புதிய கோரிக்கை வைத்துள்ளார். அவருடைய அப்பத்தா இருந்த வீட்டின் முகப்பில் உடைந்த சன்னல் கண்ணாடித் துண்டுகள், சிவப்பும் நீலமும், பரணில் கிடக்கின்றனவாம். காணாமற்போன 4 மணிகளுக்குப் பதிலாக அவற்றில் 4 செய்து தர முடியுமா என்று கேட்கிறார். அச்சில் வார்த்த மணியே ஏற்றது என்று எழுதியவர் இவர்தான் என்பதை மற்றவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

துண்டுகளைக் கண்ணாடி அறுப்பவரிடம் கொடுத்து விரல் நீளக் கீற்றுகளாக்கி வாங்கினேன். சன்னல் கண்ணாடி முரானோக் கம்பியைப் போல் இணங்குவதில்லை. நேராகச் சுடரில் காட்டினால் பொரி போலத் தெறிக்கிறது. உலை வாயில் வைத்துச் சூடேற்றிய பிறகே சுடருக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உருகவும் அதிகச் சூடு கேட்கிறது, சுணங்கினால் மேலே பால் ஏடு போல மங்கல் படிகிறது.

முதலில் சிவப்பு. உருகி உருண்டையாகித் திரும்பிய மணியைப் பார்த்தால், நிறமே இல்லை. வெற்றுக் கண்ணாடியில் எங்கோ ஒரு ரோசா நரம்பு. கீற்றை ஓரமாகத் திருப்பி விளிம்பைப் பார்த்தேன். முழுக் கனமும் வெளிர்பச்சை சாயலுள்ள தெளிந்த கண்ணாடி. ஒரு முகத்தில் மட்டும் வெங்காயத் தோலளவு சிவப்பு. வெள்ளைக் கண்ணாடியின்மேல் மெல்லிய சிவப்பை ஏற்றிச் செய்த பலகை அது. முழுக் கனத்துக்கும் சிவப்பாக்கினால் ஒளி புகாமல் கறுத்துத் தெரியும் என்பதால் அப்படிச் செய்வது வழக்கம். சிவப்பு என்று நம்பி அவர் பரணில் இத்தனை காலம் வைத்திருந்தது அந்தத் தோலைத்தான். அதை அவருக்கு எப்படி எழுதுவது என்று ஒரு நாள் யோசித்து, உள்ளபடியே எழுதினேன்.

நீலம் விளிம்பிலும் நீலம். இரண்டு மணிகள் நன்றாக வந்தன.

23 ஜூன் 2024

வெறும் நீலமாக இருக்கிறதே என்று ஒரு மணியின்மேல் முரானோ வெள்ளையில் மூன்று புள்ளிகள் வைத்தேன். கோயில் காளையின் நெற்றிச்சுட்டி போல அழகாக இருக்கிறது.

14 ஜூலை 2024

காளையின் நெற்றி பிளந்துவிட்டது. மூன்று வாரம் மேசையில் சும்மா இருந்த மணி, இன்று காலை புள்ளிகளைச் சுற்றிப் பிறை வடிவில் விரிசலோடு கிடந்தது. காரணம் தெரிந்தே செய்த பிழை. முரானோக் கண்ணாடி சூட்டில் விரியும் அளவு 104 என்று குறிப்பார்கள். சன்னல் கண்ணாடி 85க்கும் 90க்கும் இடையில் நிற்கும். ஆறும்போது வெள்ளை அதிகம் சுருங்குகிறது, நீலம் விட்டுக்கொடுப்பதில்லை. எவ்வளவு பக்குவமாக ஆற வைத்தாலும் இந்தச் சண்டை தீராது. சிறு புள்ளிதானே, தாங்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சில வேளை தாங்கும், பிறர் கழுத்தில் அதைச் சோதிக்க நான் ஆயத்தமில்லை. உடைந்த வளையல் துண்டுகளை முரானோக் கம்பியோடு கலந்து மணி செய்வது பற்றிக் கேட்டவருக்கும் இதுவே விடை: வளையலோடு வளையல், அதுவும் ஒரே வளையல்.

11 ஆகஸ்ட் 2024

ஆச்சியின் மாலையைத் திரும்பக் கொடுத்துவிட்டேன். 35 மணி, 70 வாயும் தேய்த்தது, துளைக்குள் பொடிமணி நிரப்பியது, உட்சுற்றுக் கணக்கின்படி ஒன்றரை அங்குலம் கூட்டியது. போட்டுப் பார்த்துவிட்டு, முன்பைவிடக் கனம் கூடிவிட்டதே, எவ்வளவு கூட்டி வாங்கப் போகிறாய் என்று கேட்டார். ஒன்றும் வாங்கவில்லை.

கொக்கியைப் பற்றிக் கேட்டவருக்கு: திருகு மரை வேண்டாம். கழுத்து அசைய அசைய அது தானாகக் கழலும், கழன்றால் மாலை முழுதாகவே விழும். வளையத்துக்குள் குச்சியை நுழைக்கும் வகை, கனமான மாலைக்கு ஏற்றது. கனமே அதைப் பூட்டி வைத்திருக்கும். முடியில் சிக்காமலிருக்கப் பிடரியில் கடைசி இரண்டு அங்குலம் பொடிமணி மட்டும் கோத்துவிடுங்கள்.

27 மணிக்காரரின் மாலையில் 19 மணிகளின் வாயும் தேய்த்தாயிற்று. நீலத்தில் மூன்று மணிகள் குறையின்றி உலையிலிருந்து வந்துவிட்டன. எண்ணெய்க் கிண்ணத்திலும் இருளாகவே தெரிந்தன. நான்காவதுக்குக் கீற்று போதிய அளவு இருக்கிறது. ஆனால் இரண்டு வாரமாக ஆடிக்காற்று மூன்றாம் கட்டின் ஓட்டுச் சந்து வழியாக நுழைந்து சுடரைப் படுக்க வைக்கிறது. சன்னல் கண்ணாடிக்கு வேண்டிய சூடு ஓரிடத்தில் நிற்பதில்லை. சாக்குப் படுதா கட்டிப் பார்த்தேன், படுதா பற்றிக்கொண்டது, அணைத்தேன். ஆவணி பிறக்கட்டும், செய்து அனுப்புகிறேன். அதுவரை 30 மணிகளோடு கோத்து அணிவதானால், ஒரு செ.மீ. குறையும் என்பதை மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.